4கே கல்யாண வீடியோ பேக்கேஜ்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ கல்யாண வீடியோவுக்குக் கொட்டேஷன் கேட்டால், வாட்ஸ்அப்பில் வந்து விழும் படத்தில் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் ஃபுல் எச்டி, ஒரு கேமரா. நடுக் கட்டம் 4கே, இரண்டு கேமரா. கடைசிக் கட்டத்தில் ‘சினிமாட்டிக் 4கே’, அதோடு டீசர், ட்ரோன், ரீல்ஸ் என்று ஒரு வால். சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த மூன்று வகையையும் எடைபோடுவதுதான் இங்கே வேலை. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஒரே நிறுவனம் அனுப்பும் இரண்டு ஆட்களின் வேலையிலேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும்போது, நிறுவனத்துக்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘4கே’ என்ற எழுத்துக்காக மட்டும் விலை ஏறுகிறது என்றால் ஏற்றிக் கொடுக்காதீர்கள். அந்தக் காசை இரண்டாவது ஆளுக்கும் ஒலிப்பதிவுக்கும் கேட்டு வாங்குங்கள்.

ஃபுல் எச்டி என்றால் 1920 × 1080 புள்ளிகள். 4கே என்றால் 3840 × 2160. கணக்கில் நான்கு மடங்கு, கண்ணில் அவ்வளவு இல்லை. 55 அங்குல டிவியில் ஃபுல் எச்டி படத்தின் ஒரு புள்ளி சுமார் 0.63 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நல்ல பார்வை உள்ளவர்கூட 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துவிட்டால் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. 65 அங்குல டிவிக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய 2.6 மீட்டர். உங்கள் டெரஸ் வீட்டு ஹாலில் சோபாவிலிருந்து டிவி வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 3 மீட்டர் வந்தால், கையில் கிடைக்கும் ஃபைல் 4கே-யா ஃபுல் எச்டியா என்பதைப் பற்றித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசித் திரையில் பார்ப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

ஆனால் 4கே-யில் படம் பிடிப்பதும் 4கே-யில் ஃபைல் கொடுப்பதும் வேறு வேறு. பிடிப்பது 4கே-யாக இருந்தால் எடிட்டருக்குக் கை நீளும். மணவறையை முழுதாகக் காட்டும் ஒரு ஷாட்டைப் பாதியாக வெட்டி, பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதை மட்டும் பெரிதாக்கினாலும், ஃபுல் எச்டி வீடியோவில் தெளிவு குறையாது. 4கே-யை ஃபுல் எச்டிக்குச் சுருக்கும்போது இருட்டு மண்டபத்தின் மணல்மணலான இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துப் படமாக அச்சடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 4கே ஃபிரேம் 8.3 மெகாபிக்சல், 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 12.8 × 7.2 அங்குலம் வரை அச்சடிக்கலாம். ஆனால் வீடியோ பொதுவாக 1/50 வினாடி ஷட்டரில் எடுக்கப்படும். அசையும் கை, விழும் பூ எல்லாம் கலங்கித்தான் இருக்கும். புகைப்படக்காரருக்கு அது மாற்றாகாது.

ஆக, எங்கள் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான்: 4கே 10 பிட்டில் எடுத்து, முழு நீள வீடியோவை ஃபுல் எச்டியில் நல்ல பிட்ரேட்டில் (ஒரு வினாடி வீடியோவுக்கு ஒதுக்கும் தகவலின் அளவு) வாங்குவது, 3 முதல் 5 நிமிட ஹைலைட்டை மட்டும் 4கே-யில் வாங்குவது. கொட்டேஷனில் இப்படி ஒரு கட்டம் இருக்காது. கேட்டால் பலர் செய்துகொடுப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் எக்ஸ்போர்ட் நேரம் மிச்சம்.

அந்த 10 பிட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கல்யாணத்தில் அது கூறைப்புடவையின் பிரச்சினை. 8 பிட் வீடியோவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1024. அரக்குச் சிவப்புப் பட்டு, அதில் தங்கச் சரிகை, மேலே ஓமத் தீயின் மஞ்சள் வெளிச்சம். இந்தக் கூட்டணியில் சிவப்பு வண்ணம் உச்சத்தைத் தொட்டுவிட்டால், புடவையின் மடிப்புகள் எல்லாம் மறைந்து ஒரே சிவப்புத் தகடாகிவிடும். படம் எடுத்த பிறகு அதை எந்த எடிட்டராலும் மீட்க முடியாது. அடுத்தது 4:2:0, 4:2:2 என்ற எண்கள். 4:2:0 என்றால் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாகும். நிறமோ நான்கு புள்ளிக்கு ஒன்றுதான். சிவப்பும் தங்கமும் சந்திக்கும் சரிகை ஓரத்தில் நிறம் வழிந்ததுபோல் தெரிவது இதனால்தான். 4:2:2-வில் நிறத் தகவல் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு சமாதானம் உண்டு. 4கே 4:2:0-வாக எடுத்ததை ஃபுல் எச்டிக்குச் சுருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்குரிய நிறம் வந்து சேர்ந்துவிடும். மேலே சொன்ன ‘4கே-யில் எடு, எச்டியில் கொடு’ முறைக்கு இது இன்னொரு காரணம்.

கேமராவின் பெயரைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும். சோனி ஏ7 மார்க் 3, 2018-இல் வந்தது. உள்பதிவு 8 பிட் 4:2:0, அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 100 மெகாபிட். நல்ல கையில் இன்றும் நல்ல கேமராதான், ஆனால் அதில் ‘லாக்’ என்ற வெளிறிய பதிவு முறையை வைத்து எடுத்து, பிறகு நிறம் ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் உஷாராகுங்கள். 8 பிட்டில் லாக் வைத்தால் மண்டபச் சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். 2020-இன் ஏ7எஸ் மார்க் 3, கேனன் ஆர்6, 2021-இன் ஏ7 மார்க் 4, எஃப்எக்ஸ்3, 2017-லேயே வந்த பேனசோனிக் ஜிஎச்5 ஆகியவை 10 பிட் 4:2:2 பதிவு செய்யும். ஆர்6 4கே-யில் சூடேறி நிற்பதற்குப் பேர்போனது. ஏசி இல்லாத கோயில் மண்டபத்தில், ஓமத்துக்குப் பக்கத்தில் அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. எஃப்எக்ஸ்3-இல் உள்ளேயே விசிறி இருக்கிறது. ஏ7 மார்க் 3 போன்ற சில மாடல்கள் 29 நிமிடத்தில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். மறுபடி பட்டனை அழுத்த ஆள் இல்லாமல் ஸ்டாண்டில் நிறுத்திவைத்த கேமரா அது என்றால், சடங்கின் பின்பாதி போச்சு.

இனி தாலி கட்டு. மூன்று பேக்கேஜுக்கும் உண்மையான பரீட்சை இந்த ஒரு நிமிடம்தான்.

கெட்டிமேளம் என்று குரல் கேட்டதும் முன்வரிசை முழுக்க எழுந்து நிற்கும். சித்தி, அத்தை, தோழிகள் எல்லார் கையிலும் போன். புகைப்படக்காரர் மணவறையின் முன்னால் மண்டியிட்டிருப்பார். மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்விடும். முடிச்சு விழும் இடம் முன்னால் இருக்கும் கேமராவுக்குத் தெரியாது. மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் பின்னாலிருந்து வருவார், அவர் முதுகு அங்கே இருக்கும் கொஞ்ச இடத்தையும் மறைக்கும். ஒரே ஆள், கேமராவை ஆட்டமில்லாமல் தாங்கும் ஜிம்பலோடு இருந்தால் முகம் கிடைக்கும், முடிச்சு கிடைக்காது. அல்லது முடிச்சு கிடைக்கும், முகம் போகும். ஆகவே இரண்டு கேமரா என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, இரண்டு ஆட்களா என்று கேளுங்கள். ‘இரண்டு கேமரா, ஒரு ஆள்’ என்பது இந்தத் தொழிலில் சகஜம். இரண்டாவது கேமரா ஸ்டாண்டில் இருக்கும், எழுந்து நிற்கும் முதல் மாமாவின் தலை அதை மறைத்துவிடும். சரியான ஏற்பாடு இது: முதல் ஆள் முன்பக்கம் சற்று இடது ஓரத்தில், ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாடில், இடுப்பளவு உயரத்தில், இரண்டாவது ஆள் மணவறையின் பின்பக்கவாட்டில், தோளுக்கு மேல் உயரத்தில். இதற்குக் குருக்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். மணவறைக்குப் பின்னால் ஆள் நிற்பதைச் சில கோயில்களில் விடமாட்டார்கள்.

இன்னொரு சிக்கல் பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் வருகிறது. 85 மில்லிமீட்டர் லென்ஸின் துளையை எஃப்/1.8 அளவுக்கு அகலத் திறந்து 3 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர். பெண்ணின் மூக்கிலிருந்து பிடரி வரை அதைவிட அதிகம். கண்ணில் ஃபோகஸ் இருந்தால் முடிச்சு போடும் விரல்கள் மங்கும். எஃப்/4-க்கு மூடினால் ஆழம் 30 சென்டிமீட்டர் ஆகும், இரண்டும் வந்துவிடும். அதற்கு வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தைக் கேமரா மேலேயே மாட்டினால் ஓமப் புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைத் திரை போட்டதுபோல் வெளிறிப்போகும். ஆட்டோ ஃபோகஸும் புகையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தேடும். பக்கவாட்டில், ஸ்டாண்டில், ஒரு மென்மையான எல்இடி விளக்கு வைப்பவர் தொழில் தெரிந்தவர்.

அட்சதை விழும் காட்சியில் பிட்ரேட் தன் குணத்தைக் காட்டும். நூற்றுக்கணக்கான அரிசியும் பூவிதழும் ஒரே நேரத்தில் அசைவதைப் பதிவு செய்ய நிறையத் தகவல் வேண்டும். போதாவிட்டால் அந்தச் சில வினாடிகள் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. வினாடிக்கு 50 ஃபிரேம் வீதம் 4கே 10 பிட்டுக்குச் சோனியில் 200 எம்பிபிஎஸ், அதாவது 90 ஜிபி. இரண்டு கேமரா ஐந்து மணி நேரம் 100 எம்பிபிஎஸ்-இல் ஓடினால் 450 ஜிபி. ‘எத்தனை கார்டு கொண்டுவருவீர்கள், எவ்வளவு ஜிபி?’ என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். 4கே என்று சொல்லிவிட்டு இரண்டு 64 ஜிபி கார்டோடு வருகிறவர், பாதியில் தரத்தைக் குறைக்கப் போகிறார் அல்லது வெட்டி வெட்டி எடுக்கப் போகிறார். கார்டில் வி30 என்று இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். 200 எம்பிபிஎஸ்-ஐ எட்டால் வகுத்தால் வினாடிக்கு 25 எம்பிதான் என்பதால் அது தாங்கும். அதற்கு மேல் போனால் வி60, வி90. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவா என்பது இதைவிட முக்கியம். கார்டு கெட்டுப்போனால் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஒலி. கொட்டேஷனில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, புகார் வருவது மட்டும் இங்கேதான் அதிகம். தவிலும் நாதஸ்வரமும் இரண்டடி தூரத்தில் முழங்கும்போது, கேமராவோடு வரும் மைக் உச்சத்தில் முட்டி உடையும். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயின் போட்டிருந்தால் மேளம் ஓய்ந்த பிறகும் சில வினாடிகளுக்கு மந்திரம் கேட்காது, பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறும். மாப்பிள்ளை அழைப்பில் உறுமி மேளம் வைத்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உறுமியின் அடிநாதம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தீர்வு எளிது. தனி ரெக்கார்டர், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி அளவு, அதே ஒலியை இன்னும் குறைந்த அளவில் ஒரு பாதுகாப்புத் தடத்திலும் பதிவு செய்வது. 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டர் என்றால் அளவு தவறினாலும் பெரும்பாலும் பின்னால் சரிசெய்யலாம். மைக்கே தாங்காத சத்தம் என்றால் அதுவும் கைகொடுக்காது. காலர் மைக் மாப்பிள்ளையின் ஜிப்பா உள்பக்கம் மாட்ட வேண்டும், மாலை உரசாத இடமாகப் பார்த்து. குருக்கள் சட்டை போடமாட்டார். அவர் பக்கத்தில் பூத்தட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய ரெக்கார்டரை வைத்துவிட்டால் மந்திரம் தெளிவாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக் என்றால் கூட்டத்தின் போன்களும் மண்டபத்து வைஃபையும் அதே அலைவரிசையில் நெரிசலாகும், நடுநடுவே அறுந்துபோகும். டிரான்ஸ்மிட்டரிலேயே உள்பதிவு இருக்கும் மாடலா என்று கேளுங்கள்.

மண்டப விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் அந்த மினுக்கல் பதிவாகாது. அமெரிக்க யூடியூப் பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் 30 ஃபிரேம், 1/60 என்று வைத்துவிடுவார்கள். பழைய டியூப் லைட் மண்டபத்தில் படம் முழுக்க மெல்லிய இருட்டுப் பட்டை மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கே 25 அல்லது 50 ஃபிரேம்தான் சரி. ‘120 ஃபிரேம் ஸ்லோ மோஷன்’ என்று பெருமையாக எழுதியிருந்தால், அது மண்டபத்துக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். உள்ளே 100 ஃபிரேமும் 1/100 ஷட்டரும் பாதுகாப்பு. 25-க்கு இறக்கினால் நான்கில் ஒரு பங்கு வேகம், மாலை மாற்றுவதற்கு அது தாராளம். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி ஸ்கிரீன் வேறு கதை. அதன் மினுக்கல் மின்சாரத்தைப் பொறுத்ததல்ல. டின்னர் தொடங்கும் முன் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கோடு மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு மணி நேரமாவது முன்னால் வர வேண்டும்.

ஹோட்டல் டின்னரில் டிஜே ஊதா விளக்கை நிறைத்துவிட்டால் எந்த கேமராவும் முகத்தின் நிறத்தைக் காப்பாற்றாது. மார்ச்-இன், கேக் வெட்டுவது, பேச்சு, இந்த மூன்று இடங்களிலாவது மேடைக்கு வெள்ளை விளக்கு வேண்டும் என்று டிஜேயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். லேசர் நேராக லென்ஸில் பட்டால் கேமராவின் சென்சாரில் நிரந்தரக் கோடு விழும் என்பதால், லேசர் உண்டா என்று கேட்கும் வீடியோக்காரர் அனுபவசாலி. பேச்சுகளின் ஒலியை டிஜே மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுக்க வேண்டும். அங்கே வரும், மைக்கைவிட வலுவான லைன் அளவு சமிக்ஞையை ரெக்கார்டரின் மைக் அளவு துளையில் செருகினால் எல்லாம் கரகரப்பாகப் பதிவாகும், ஹெட்போனில் கேட்காதவருக்கு அது மறுநாள்தான் தெரியும்.

விடிகாலை முகூர்த்தம் என்றால் நம் ஊர் ஈரப்பதமும் ஒரு எதிரி. ஏசி காரிலிருந்து இறக்கிய லென்ஸ் கோயில் வாசலில் பனி படர்ந்து மங்கும். துடைத்தால் மறுபடி படரும். பெட்டியைத் திறந்து இருபது நிமிடமாவது வெளியில் வைத்தால்தான் தெளியும். பெண் காரிலிருந்து இறங்கும் காட்சி வேண்டும் என்றால் அவர் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

வெளிப்புறப் படப்பிடிப்பில் பத்துமலைப் படிக்கட்டோ ஜார்ஜ்டவுன் தெருவோ, உச்சி வெயிலில், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் வந்தால் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றுவார்கள், நடப்பவர்கள் வெட்டி வெட்டி நகர்வார்கள். ட்ரோனுக்கு மலேசிய வான்போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இன் விதிகள் உண்டு. சுபாங், பாயான் லெப்பாஸ் விமான நிலையங்களை ஒட்டிய பகுதிகளில் இன்னும் கவனம் தேவை. அனுமதி யார் வாங்குவது, கிடைக்காவிட்டால் எவ்வளவு கழிப்பது என்று எழுதி வாங்கினால் போதும். 8கே பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

இப்போது மூன்று கட்டங்களுக்கும் வருவோம். ஃபுல் எச்டி ஒரு கேமரா பேக்கேஜ், பதிவுத் திருமணத்துக்கும் நலங்குக்கும் ஐம்பது பேர் கூடும் சிறு கோயில் கல்யாணத்துக்கும் நியாயமானது. அதையும் மட்டமாகப் பேச வேண்டியதில்லை. 50 எம்பிபிஎஸ்-இல் ஒழுங்காக எடுத்து, ஒலி சுத்தமாக இருந்தால், 4கே என்று பெயர் வைத்து அரைகுறையாக எடுத்ததைவிட நன்றாக இருக்கும். நடுக் கட்டத்தில்தான் ஏமாற்றத்துக்கு அதிக இடம். இரண்டு ஆட்கள், 10 பிட், தனி ஒலி, இந்த மூன்றும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இல்லையென்றால் அது முதல் கட்டத்துக்கு 4கே ஒட்டு ஒட்டியது. சினிமாட்டிக் கட்டத்தில் நீங்கள் காசு கொடுப்பது எடிட்டருக்கு. ஐந்து நிமிட ஹைலைட் அருமையாக இருக்கும், ஆனால் முழு நீள வீடியோ உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பலர் ஹைலைட்டுக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளாக மட்டுமே எடுப்பார்கள். மெதுவாக நகரும் மருதாணிக் கை பத்து இருக்கும், தாத்தா பாட்டி ஆசீர்வாதம் செய்வது ஒன்றுகூட முழுதாக இருக்காது. வீட்டுப் பெரியவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்த ஆசீர்வாத வரிசையைத்தான். ஹைலைட்டில் சினிமாப் பாட்டு போட்டால் யூடியூபில் ஏற்றும்போது தடைபடலாம் அல்லது ஒலி நீக்கப்படலாம். உரிமம் உள்ள இசையோடு இன்னொரு பிரதி கேளுங்கள்.

சாம்பிள் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் காட்டும் ஒரு நிமிடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கோயில் மண்டபத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் தாலி கட்டுப் பகுதியை வெட்டாமல் பத்து நிமிடம் காட்டச் சொல்லுங்கள், ஹெட்போனோடு பாருங்கள். பிறகு கேமராவிலிருந்து வந்தபடியே, எடிட் செய்யாத ஒரு பத்து வினாடித் துண்டைக் கேளுங்கள். மனிதர் முகமே இல்லாத மணவறை அலங்காரமாக இருந்தாலும் போதும். அதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அளவு, ஃபிரேம் ரேட், பிட்ரேட், பிட் ஆழம், 4:2:0-வா 4:2:2-வா எல்லாம் வரிசையாக வந்துவிடும். கொடுக்கத் தயங்குகிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை, ஆனால் கொடுக்கிறவரிடம் பேச்சு எளிது.

வேலை முடிந்து ஃபைல் கைக்கு வந்த பிறகும் ஒரு சோதனை. ஃபைலின் ஜிபி அளவை 8000-ஆல் பெருக்கி, வீடியோவின் மொத்த வினாடிகளால் வகுத்தால் எம்பிபிஎஸ் கிடைக்கும். 3 மணி நேரம் என்றால் 10,800 வினாடி. ஃபைல் 12 ஜிபி என்றால் சுமார் 9 எம்பிபிஎஸ், எச்.264 என்ற பழகிய சுருக்குமுறையில் 4கே என்று சொல்லிக் கொடுக்க இது போதவே போதாது. ஃபுல் எச்டிக்கு 15 எம்பிபிஎஸ் அளவில், அதே 3 மணி நேரம் 20 ஜிபி. 4கே-க்கு 45 எம்பிபிஎஸ் என்றால் 61 ஜிபி, 128 ஜிபி பென்டிரைவ் வேண்டும். எச்டியை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, சரிகைக் கரையோ மல்லிகைச் சரமோ நெருக்கமாக வரும் இடத்தில் நிறுத்தி, கணினியில் நூறு சதவீத அளவில் பாருங்கள். இழைகள் பஞ்சுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். டிவியில் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் ஃபைல் அதைவிடப் புதிய சுருக்குமுறையான எச்.265-ஆக இருக்கும், டிவி பழையதாக இருக்கும்; எச்.264 பிரதி ஒன்று கேளுங்கள். ஃபைல் 4 ஜிபி 4 ஜிபியாகத் துண்டுபட்டு வந்திருந்தால் பெரும்பாலும் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம், எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக் கேளுங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை ஆட்கள், யார் வருவார், அவர் வரமுடியாவிட்டால் மாற்று யார்; எடுக்கும் தரமும் கொடுக்கும் தரமும் தனித்தனியாக; எத்தனை மணி நேரம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு; ஒப்படைக்கும் தேதி; எத்தனை முறை திருத்தம் இலவசம்; எடிட் செய்யாத ஃபைல்கள் கிடைக்குமா, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள். திருத்தம் கேட்கும்போது ‘பாட்டு பிடிக்கவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல் நிமிடம், வினாடி போட்டு ஒரே பட்டியலாக அனுப்புங்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அனுப்பினால் இலவசத் திருத்தங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

டெபாசிட் வாங்கிக்கொண்டு ஃபைலைத் தராமல் இழுத்தடித்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, கொட்டேஷன் படம், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் அன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் முதலில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். ‘4கே தருகிறேன்’ என்று வாயால் சொன்னதைத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது கடினம். கொட்டேஷனில் 3840 × 2160 என்றே எழுதியிருந்தால், மீடியாஇன்ஃபோ காட்டும் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோனால் போதும்.